ட்ரோம்சோவிலிருந்து லாங்யர்பியன் வரை: தூரமும் பறப்பு நேரமும்

வட நோர்வேயில் உள்ள ட்ரோம்சோ விமான நிலையத்துக்கும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்யர்பியன் விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், விமானம் எவ்வளவு நேரம் பறக்கும், இணையத் தூரக் கணிப்பான் ஒன்று 958 கிலோமீட்டர் என்றும் இன்னொன்று 961 என்றும் காட்டுவது ஏன், கைபேசி வரைபடத்தில் ஒரு பெரிய நாட்டின் நீளத்துக்குத் தெரியும் இந்த இடைவெளியை இரண்டு மணி நேரத்துக்குள் எப்படிக் கடக்கிறார்கள் என்பவையே கேள்வி. முதலில் நேரடி விடையைச் சொல்லிவிடுகிறேன். நேர்வழித் தூரம் சுமார் 960 கிலோமீட்டர், கடல் மைல் கணக்கில் 519. இடைநில்லா ஜெட் விமானத்துக்கு அட்டவணையில் ஒதுக்கப்படும் நேரம் ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம். ஸ்வால்பார்டிலும் நோர்வே நேரமே பின்பற்றப்படுவதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்த வழித்தடத்தில் விமானத்தை ஓட்டுபவரும் அதற்கு எரிபொருள் கணக்கிடுபவரும் 960 என்ற எண்ணைப் பாதி எண்ணாகவே பார்க்கிறார்கள். அதன் காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

தூரத்தைக் கணிப்பான் இல்லாமலேயே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ட்ரோம்சோ நிலையம் வட அட்சரேகை 69.68 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 18.92 பாகையிலும் இருக்கிறது. லாங்யர்பியன் நிலையம் வட அட்சரேகை 78.25 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 15.47 பாகையிலும் இருக்கிறது. அட்சரேகை வேறுபாடு 8.56 பாகை, ஒரு பாகைக்கு அறுபது கோண நிமிடம் என்று பெருக்கினால் 514 கோண நிமிடம். கடல் மைல் என்ற அளவே அட்சரேகையின் ஒரு நிமிடத்தை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது என்பதால், வடக்கு நோக்கிய நகர்வு 514 கடல் மைல் என்று உடனே எழுதிவிடலாம். இன்று ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்று நிலைநிறுத்தப்பட்டிருப்பதால் அது 952 கிலோமீட்டர் ஆகிறது. மேற்கு நோக்கிய நகர்வைத்தான் சற்றுக் கவனமாகக் கணக்கிட வேண்டும். தீர்க்கரேகை வேறுபாடு 3.45 பாகை. நிலநடுக்கோட்டில் அது 384 கிலோமீட்டராக இருந்திருக்கும். தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், அதே 3.45 பாகை ட்ரோம்சோவின் அட்சரேகையில் சுமார் 134 கிலோமீட்டராகவும் லாங்யர்பியனின் அட்சரேகையில் வெறும் 79 கிலோமீட்டராகவும் சுருங்கிவிடுகிறது. பாதி வழியில் உள்ள அட்சரேகைக்குரிய 106 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணத் தேற்றத்தைப் போட்டால் 958 கிலோமீட்டர் வருகிறது. பூமியை முழுக் கோளமாகக் கொண்டு கணக்கிடும் முறையான பெருவட்டச் சூத்திரமும் (கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியைத் தருவது) கிட்டத்தட்ட இதே விடையைத்தான் தருகிறது. வழி ஏறக்குறைய நேர் வடக்காக இருப்பதால்தான் இந்த எளிய கணக்கு பொருந்துகிறது. கிழக்கு மேற்காக நீளும் துருவ வழிகளுக்கு இதைப் பயன்படுத்தினால் பெரும்பிழை நேரும்.

இனி 958, 961 என்ற முரண்பாடு. இரண்டும் சரியானவையே, பூமியின் வடிவம் பற்றிய எடுகோள்தான் வேறு. பூமி முழுக் கோளமன்று, துருவங்களில் சற்றே தட்டையானது. தட்டையாக இருந்தால் அங்கே தூரம் குறைய வேண்டுமே என்று பலருக்கும் தோன்றும். உண்மையில் வளைவு குறைவாக உள்ள பரப்பில் ஒரு பாகை சாய்வை எட்டுவதற்கு அதிகத் தொலைவு நகர வேண்டியிருப்பதால், அங்கே ஒரு பாகை அட்சரேகையின் நீளம் கூடுகிறது. நிலநடுக்கோட்டருகே அது 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். சராசரி ஆரமாக 6,371 கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடும் தளம் 958 என்கிறது. தட்டைக் கோளக் கணக்கைப் பயன்படுத்தும் தளம் 961 என்கிறது. ஜெட் விமானம் இந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்கப் பதினைந்து வினாடிகூட ஆகாது என்பதால், பயணியைப் பொறுத்தவரை இது கவலைப்பட வேண்டிய வேறுபாடே இல்லை.

வரைபடம் ஏமாற்றுவதற்குக் காரணம் மெர்க்காட்டர் முறை. கைபேசியில் நாம் விரலால் நகர்த்தும் தட்டை வரைபடங்கள் பெரும்பாலும் இம்முறையில் வரையப்பட்டவை. திசைக் கோணங்களைச் சிதைக்காமல் காட்டுவதற்காக, துருவத்தை நெருங்க நெருங்க நீளங்களை இழுத்துப் பெரிதாக்குகிறது இது. ட்ரோம்சோவின் அட்சரேகையில் ஏறக்குறைய மூன்று மடங்கும், லாங்யர்பியனில் ஏறக்குறைய ஐந்து மடங்கும் பெரிதாகின்றன. இதன் விளைவு எத்தகையது என்று பார்க்க நானே ஒரு கணக்குப் போட்டேன். அப்படிப்பட்ட வரைபடத்தில் இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையிலான செங்குத்து நீளம், கன்னியாகுமரியிலிருந்து இந்திய வரைபடத்தின் வடநுனி வரையிலான செங்குத்து நீளத்துக்கு ஏறத்தாழச் சமமாக வருகிறது. உண்மையில் முன்னது 960 கிலோமீட்டர், பின்னது 3,214 கிலோமீட்டர். எனவே வரைபடத்தைப் பார்த்து மலைத்துப் போவதில் வியப்பில்லை. வடக்கே உள்ள எந்த இரு ஊர்களுக்கும் தூரம் பார்ப்பதாக இருந்தால், கோள வடிவில் சுழற்றிப் பார்க்கக்கூடிய வரைபடத்தைத் திறந்து பார்ப்பதே நல்லது.

பாதையின் திசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரோம்சோவிலிருந்து புறப்படும்போது மெய் வடக்கிலிருந்து ஏறத்தாழ ஐந்து பாகை மேற்காகத் தொடங்கி, லாங்யர்பியனை அடையும்போது எட்டுப் பாகை மேற்காக முடிகிறது. வழி முழுவதும் கடல். பாதிக்குச் சற்று மேலே, ட்ரோம்சோவிலிருந்து ஏறத்தாழ 530 கிலோமீட்டரில், பாதைக்குக் கொஞ்சம் கிழக்கே பியோர்னோயா என்ற கரடித் தீவு இருக்கிறது. ஒரு வானிலை நிலையமும் அதன் ஊழியர்களும் மட்டுமே உள்ள அந்தத் தீவில் பயணிகள் விமானம் இறங்குவதற்கு ஓடுபாதை கிடையாது.

நேரக் கணக்குக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களில் பல, தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகின்றன. இந்த வழிக்கு அப்படிச் செய்தால் 1 மணி 42 நிமிடம் வரும். அட்டவணை நேரத்தோடு அது ஒத்துப்போவது கணிப்பானின் திறமையால் அன்று. நடுத்தர அளவு ஜெட் விமானங்கள் இடைநில்லாமல் பறக்கும் வழியாக இது அமைந்துவிட்டது, அவ்வளவுதான். உண்மையில் நேரம் எப்படிச் செலவாகிறது என்று பிரித்துப் பார்த்தால், வாயிலிலிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டு ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து செல்ல ஐந்து முதல் பத்து நிமிடம். பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தை எட்ட இருபது நிமிடத்தை ஒட்டி. அதன் பிறகு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் சமநிலைப் பறப்பு. இறங்கத் தொடங்கியது முதல் சக்கரம் தரையைத் தொடும் வரை மீண்டும் இருபது, இருபத்தைந்து நிமிடம். அட்டவணையில் காட்டப்படுவது வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரம்; காற்றில் இருக்கும் நேரம் அதைவிடப் பத்து நிமிடமாவது குறைவு. குளிர்காலத்தில் இறக்கைகளில் படிந்த பனியை நீக்கத் திரவம் தெளித்துவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தால், புறப்பாடு கால் மணி நேரம் தள்ளிப்போவதும் உண்டு.

காற்றின் பங்கு இந்த வழியில் குறைவு. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களுக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒரு மணிக்கு மேல் வேறுபடுவதற்குக் காரணம், மேலடுக்கில் மேற்கிலிருந்து வீசும் வலிய காற்று. இங்கே பாதை தெற்கு வடக்காக இருப்பதால் அந்த மேலைக்காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தாக்குகிறது. நேர் எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலும், சமநிலைப் பறப்பில் கூடுவது ஏழு நிமிடத்தை ஒட்டியே இருக்கும். குளிரும் வேகத்தைச் சிறிது பாதிக்கிறது. ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் இத்தனை பங்கு என்று வைத்துத்தான் பறக்கின்றன. காற்று குளிரக் குளிர ஒலியின் வேகம் குறைகிறது. ஒலி வேகத்தில் 78 விழுக்காட்டில் பறக்கும் விமானம், வெளியே கழித்தல் 50 பாகை செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டரும், கழித்தல் 65 பாகையில் ஏறத்தாழ 810 கிலோமீட்டரும் செல்லும். குறுகிய வழி என்பதால் இதனால் இரண்டு நிமிடம்தான் கூடும். குளிரின் மெய்யான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைச் சொல்லும் கருவி. கடுங்குளிரில் காற்று அடர்ந்து சுருங்கிவிடுவதால், கருவி காட்டும் உயரத்தைவிட விமானம் தாழ்வாக இருக்கும். மலைகளுக்கிடையே இறங்கும் நிலையங்களில் இதற்கான திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இப்போது பாதி எண் என்று சொன்னதன் காரணம். எந்த விமானமும் புறப்படும்போது, சேரவேண்டிய நிலையத்தில் இறங்க முடியாமல் போனால் எங்கே போவது என்று முன்கூட்டியே ஒரு மாற்று நிலையத்தைத் தீர்மானித்து, அதுவரை பறக்கவும், அதற்கு மேல் அரை மணி நேரம் வட்டமிடவும் எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அந்த மாற்று நிலையம் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடும். லாங்யர்பியனுக்கு அப்படி ஒன்று இல்லை. ஸ்வால்பார்டிலேயே நி-ஓலசுண்ட் என்ற ஆய்வூரில் ஒரு ஓடுபாதை இருக்கிறது. ஆனால் அது சுமார் 800 மீட்டர் நீளமுள்ள சரளைப் பாதை, ஜெட் விமானத்துக்கு உதவாது. ஸ்வேயா நிலக்கரிச் சுரங்கத்துக்காக இருந்த ஓடுபாதையும் சுரங்கத்தோடு மூடப்பட்டுவிட்டது. ஆக மாற்று நிலையம் என்றால் கடலைத் தாண்டி நோர்வே பெருநிலத்துக்கே திரும்ப வேண்டும். ட்ரோம்சோ 960 கிலோமீட்டர். வட நோர்வேயின் மற்ற நிலையங்களான ஆல்ட்டாவையும் பனாக்கையும் அளந்தால் அவையும் ஏறத்தாழ 950 கிலோமீட்டர். எந்தத் திசையில் கையை நீட்டினாலும் விடை ஒன்றுதான். ஆகவே 960 கிலோமீட்டர் பயணத்துக்குப் புறப்படும் விமானம் 1,900 கிலோமீட்டருக்கும் அதற்கு மேல் அரை மணி நேரத்துக்கும் எரிபொருள் ஏற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருக்கிறது. லாங்யர்பியனில் மூடுபனியோ பக்கக்காற்றோ மிகுந்தால், அந்த விமானம் தீவின் மேல் சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, ட்ரோம்சோவில் ஏறியவர் ட்ரோம்சோவிலேயே இறங்குவது இந்த வழியில் நடக்கக்கூடிய செயல். அடுத்த நாளே படகுப் பயணமோ ஆய்வுப் பயணமோ வைத்திருப்பவர்கள் ஒரு நாளை உபரியாக விட்டுத் திட்டமிடுவது நல்லது.

இந்தக் கடலை எவ்வளவு எச்சரிக்கையோடு கடக்க வேண்டும் என்பதற்கு இதே வழித்தடத்திலேயே ஒரு பழைய சோகம் இருக்கிறது. 1928 மே 25 அன்று இத்தாலியரான உம்பெர்த்தோ நோபிலேயின் ‘இத்தாலியா’ என்ற வான்கப்பல் ஸ்வால்பார்டுக்கு வடகிழக்கே பனியில் விழுந்தது. அவரைத் தேடுவதற்காக, தென் துருவத்தை முதலில் எட்டிய ரோவால்ட் அமுண்ட்சென் ஐந்து பேருடன் லாதம் 47 என்ற பிரெஞ்சுக் கடல் விமானத்தில் ஜூன் 18 அன்று ட்ரோம்சோவிலிருந்து கிளம்பினார். சில மணி நேரத்தில் வானொலித் தொடர்பு அற்றுப்போனது. ஆகஸ்டு மாத இறுதியில் அந்த விமானத்தின் மிதவை ஒன்று நோர்வேயின் வடகரைக்கு அருகே கிடைத்தது. விமானமோ அதில் இருந்தவர்களோ இன்றுவரை கிடைக்கவில்லை. இன்று பயணிகள் காபி குடித்து முடிப்பதற்குள் கடந்துவிடும் அதே நீர்ப்பரப்பு அது.

அதே ஆண்டு ஏப்ரலில், தூரம் நேரம் என்ற நம் கேள்விக்கு இன்னொரு கோணத்தில் விடை தரும் பயணமும் நடந்தது. ஆஸ்திரேலிய ஆய்வுப் பயணி ஹியூபர்ட் வில்கின்ஸும் அமெரிக்க விமானி கார்ல் பென் ஐல்சனும் அலாஸ்காவின் பாயின்ட் பாரோவிலிருந்து ஸ்வால்பார்டின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு ஒற்றை எஞ்சின் லாக்ஹீட் வேகா விமானத்தில் வடமுனைக் கடலைக் கடந்து பறந்தார்கள். அவர்கள் கடந்தது 3,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எடுத்த நேரம் 20 மணி 20 நிமிடம். சராசரியாக மணிக்கு 170 கிலோமீட்டரைச் சிறிதே தாண்டிய வேகம். அந்த இரு முனைகளிலும் இன்று இருக்கும் விமான நிலையங்களுக்கு இடையே பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். ஒரு ஜெட் விமானம் நாலரை மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அப்படி ஓர் அட்டவணைச் சேவை கிடையாது. வில்கின்ஸும் ஐல்சனும் இறங்கும்போது புயலில் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத் தீவு ஒன்றில் ஐந்து நாள் விமானத்துக்குள்ளேயே காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், பறந்த நேரத்தைவிட இறங்குவதற்குப் பட்ட பாடே அதிகம்.

லாங்யர்பியனில் இறங்குவது இன்றும் கவனம் தேவைப்படும் வேலைதான். (பெயரைப் பார்த்து ‘நீண்ட ஆண்டு’ என்று பொருள் கொள்ள வேண்டாம், இங்கே நிலக்கரிச் சுரங்கம் தொடங்கிய ஜான் மன்றோ லாங்யர் என்ற அமெரிக்கரின் பெயரால் அமைந்த ஊர் இது, ‘பியன்’ என்றால் நகரம்.) விமான நிலையம் வருவதற்கு முன்பு, குளிர்காலத்தில் கடல் உறைந்து கப்பல் நின்றுவிட்டால் ஊர் மாதக்கணக்கில் தனித்துக் கிடந்தது. 1959 முதல் அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கின் உறைந்த தரையில் சில விமானங்கள் இறங்கின. பனி உருகும் பருவத்தில் அதுவும் இயலாது. இப்போதுள்ள நிலையம் 1975இல் திறக்கப்பட்டது. கடலோரம் ஹோட்டல்நெசெட் என்ற முனையில் சுமார் 2,480 மீட்டர் ஓடுபாதை. அது நிரந்தரமாக உறைந்த நிலத்தின் மேல் போடப்பட்டது. கோடையில் மேலடுக்கு இளகி, குளிரில் மீண்டும் உறைந்து உப்புவதால் பாதை மேடுபள்ளமாகிவிடும். அதைச் சமன்படுத்துவது ஓயாத வேலை. சுற்றுவட்டாரத்தில் மேசைபோல் உச்சி தட்டையான மலைகள். 1996 ஆகஸ்டு 29 அன்று மாஸ்கோவின் வ்னூகவாவிலிருந்து வந்த துபொலெவ் 154 விமானம் ஒன்று, மேகமூட்டத்தில் வழி விலகி, நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 14 கிலோமீட்டரில் ஓப்பரா மலையில் மோதியது. அதில் இருந்த 141 பேரும் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பேரன்ட்ஸ்பர்க், பிரமிடன் சுரங்க ஊர்களுக்குச் சென்றுகொண்டிருந்த ரஷ்ய, உக்ரைனியத் தொழிலாளர்களும் அவர்களது குடும்பத்தினரும். நோர்வே மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளில் மிகப் பெரியது இதுவே.

கணிப்பான் சொல்லும் நேரம் எங்கே பொய்த்துப்போகும் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கேள்வியை வேறு இரண்டு ஊர்களை வைத்துக் கேட்பவர்களும் உண்டு. லாங்யர்பியனிலிருந்து நி-ஓலசுண்ட் 110 கிலோமீட்டர்தான். மேலே சொன்ன சூத்திரம் இதற்கு 38 நிமிடம் என்று சொல்லும். அங்கே பறக்கும் சிறிய டோர்னியர் 228 விமானமோ, முன்னே விசிறி சுழலும் டர்போபிராப் எஞ்சினோடு 25 நிமிடத்தில் போய்விடுகிறது, ஏனென்றால் அது உயர ஏறவே தேவையில்லை. இந்தியாவின் வடமுனை ஆய்வு நிலையமான ‘ஹிமாத்ரி’ 2008 ஜூலை முதல் நி-ஓலசுண்டில் இயங்கிவருவதால், நம் ஆய்வாளர்கள் அடிக்கடி கடக்கும் துண்டு இது. சாதாரணப் பயணச்சீட்டு வாங்கி ஏறிவிட முடியாது. ஊரை நிர்வகிக்கும் நிறுவனத்தின் இசைவு வேண்டும். இறங்கியதும் கைபேசியின் கம்பியில்லா இணைப்புகளை அணைத்துவிடச் சொல்வார்கள், வானிலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளை அளக்கும் கருவிகள் அங்கே இருப்பதால்.

கனடாவின் வடக்கில் பிழை எதிர்த்திசையில் போகும். நுனவுட் பகுதியின் தலைநகர் இக்காலுயிட்டிலிருந்து ரெசலூட் பே 1,575 கிலோமீட்டர். சூத்திரம் இரண்டரை மணி நேரம் என்று சொல்லும். ஆனால் அந்தப் பகுதியில் ஏடிஆர் 42 போன்ற டர்போபிராப் விமானங்களே பெரும்பாலும் பறக்கின்றன. மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்தாலே பறப்பு மட்டும் மூன்று மணிக்கு மேல் ஆகும், வழியில் ஆர்க்டிக் பே போன்ற ஊரில் சரக்கும் ஆட்களும் ஏற்றி இறக்க நின்றால் இன்னும் நீளும். அங்கே திசைகாட்டியும் ஒழுங்காக வேலை செய்யாது. காந்த வடமுனை நெடுங்காலம் இப்பகுதிக்கு அருகிலேயே இருந்ததால் (இப்போது அது சைபீரியாவை நோக்கி விலகிவிட்டது), கனடாவின் வட வான்வெளியில் திசைகளைக் காந்த வடக்கை வைத்துச் சொல்லாமல் மெய் வடக்கை வைத்தே சொல்கிறார்கள். ரெசலூட்டின் ஓடுபாதை எண்களான 17, 35 ஆகியவற்றோடு மெய்த்திசையைக் குறிக்கும் ‘டி’ எழுத்தும் ஒட்டியிருக்கும். ஆக, வடக்கே இரு நிலையங்களுக்கு இடையிலான நேரத்தைக் கேட்கும்போது, தூரத்துக்கு முன்பே எந்த வகை விமானம், எத்தனை இடத்தில் நிற்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ட்ரோம்சோ வழியாக லாங்யர்பியன் செல்லத் திட்டமிடும் நம் நாட்டவருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது பறப்பு நேரத்தைவிடப் பயண நாளைப் பெரிதும் பாதிக்கும். 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஸ்வால்பார்டு நோர்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது; ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. தீவுக்குள் நுழைய விசா தேவையில்லை. அங்கே போக நோர்வே பெருநிலத்தைக் கடந்தாக வேண்டும் என்பதால், போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறி, திரும்பும்போது மீண்டும் நுழைய வேண்டியிருக்கிறது. எனவே இருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா இல்லாவிட்டால் திரும்பி வருவதில் சிக்கல் வரும். உள்நாட்டுப் பயணம் போலத் தோன்றினாலும் கடவுச்சீட்டுச் சோதனை உண்டு. ஓஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகப் போகும் சேவையாக இருந்தால், ட்ரோம்சோவில் எல்லோரையும் இறக்கிச் சோதித்துவிட்டு ஏற்றுவதும் வழக்கம். ஓஸ்லோவிலிருந்து நேராகப் பறந்தால் தூரம் 2,000 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், நேரம் ஏறத்தாழ மூன்று மணி.

பறக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், சூரியனையும் கணக்கில் கொள்ளுங்கள். எட்டரைப் பாகை அட்சரேகை என்பது நண்பகல் சூரியனின் உயரத்தை அதே எட்டரைப் பாகை தாழ்த்திவிடுகிறது. லாங்யர்பியனில் அக்டோபர் 26 வாக்கில் சூரியன் மறைந்தால் பிப்ரவரி நடுப்பகுதி வரை எழுவதில்லை. ட்ரோம்சோவில் அந்த இருள் நவம்பர் 27 வாக்கில்தான் தொடங்கும். இடைப்பட்ட ஒரு மாதத்தில், நவம்பர் தொடக்கத்தில், நண்பகலை ஒட்டிப் புறப்படும் விமானத்தில் இடப்பக்கச் சாளர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். தரையில் தெற்கே தாழ்ந்து நின்ற சூரியன், விமானம் ஏறியதும் வால்பக்கமாகப் பின்னுக்கு நகர்ந்து தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். பதினொரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது தொடுவானம் மூன்று பாகைக்கு மேல் கீழே இறங்கிவிடுவதால், கீழே கடல் இருண்ட பிறகும் இறக்கையின் நுனியில் சிவந்த ஒளி கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கரடித் தீவைத் தாண்டிய சிறிது நேரத்தில் இறங்கத் தொடங்குவார்கள். அந்த இருபது நிமிடத்துக்குள் ஒளி அணைந்து, கடிகாரம் பகல் என்று காட்டும்போதே, ஓடுபாதை விளக்குகளை நம்பித் தரை தொடுவார்கள்.